பேசின் பிரிட்ஜ் சிக்னலில் முடிவான பட்டப்படிப்பு

அப்பா எந்த முடிவையும் வீட்டில் எடுத்ததில்லை. காலையில் பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், அவரோடு தினமும் ஒரே பெட்டியில் போகிறவர்கள் கைதூக்கி முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டு மிக்ஸி அப்படி வந்ததுதான். அக்காவின் கல்யாண மண்டபமும் அப்படித்தான் அமைந்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் பிளஸ் டூ முடித்தேன். கல்லூரி விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று நானும் அப்பாவோடு ரயில் ஏறினேன். எல்லாக் கட்டங்களையும் அழகாக நிரப்பி, பாடப்பிரிவை மட்டும் காலியாக விட்டிருந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். "சென்ட்ரல் வர்றதுக்குள்ள வண்டியில சொல்லிடுவாங்க" என்றார் அப்பா.

ஆவடியில் பெட்டி நிறைந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவர் என் கட்சிக்குத் தலைவரானார்.

"எங்க கம்பெனில ஒரு கம்ப்யூட்டர் வந்துகீது அண்ணாத்தே. அதுக்கு ஏசி. மொதலாளிக்கு ஃபேன்தான். அப்ப எது பெருசு, நீயே சொல்லு!"

எதிர்க்கட்சி, பாரிமுனையில் ஒரு வங்கியின் காசாளர். "எல்லாத்தையும் கம்ப்யூட்டரே செஞ்சிடும்னா, அப்புறம் இந்தப் பொண்ணு எதுக்கு? பி.காம். போடுங்க சார்."

அண்ணனூரில் அப்பா எண்ணியபோது நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். சிக்கல் அம்பத்தூரில் வந்தது. எனக்குக் கை தூக்கியவர்கள் அத்தனை பேரும் எஸ்டேட்காரர்கள். கொத்தாக இறங்கிப் போனார்கள். லேத்காரர் மட்டும் படியில் நின்றார்.

"இன்னா மாமே, எறங்கலியா?" என்று பிளாட்பாரத்திலிருந்து ஒரு குரல்.

"நீ போ. ஓட்டு போட்டுட்டுதான் வருவேன். அரை நாள் போனா போவட்டும்."

கொரட்டூரில் ஏறிய ஒருவர், விஷயம் என்னவென்றே கேட்காமல் பி.காமுக்குக் கை தூக்கினார். வில்லிவாக்கத்தில் ஏறிய வேர்க்கடலைக்காரர், லேத்காரர் இரண்டு பொட்டலம் வாங்கிய பிறகு எங்கள் பக்கம் வந்தார். பெரம்பூர் தாண்டியபோது அவர்கள் நான்கு, நாங்கள் இரண்டு.

"எனக்கு ஓட்டு இல்லையா?" என்று கேட்டேன்.

பெட்டி சற்று யோசித்தது. "சீசன் டிக்கெட் இருக்காம்மா?" என்றார் காசாளர்.

என்னிடம் இருந்தது அன்றைக்கு மட்டும் எடுத்த டிக்கெட். அப்பாவே, நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வழக்கம்போல சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. ஆபீசுக்கு நேரமானவர்கள், வழக்கம்போல, தண்டவாளத்தில் குதித்து நடக்கத் தொடங்கினார்கள். முதலில் கொரட்டூர்காரர். பிறகு இன்னும் இருவர். கடைசியாக, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காசாளர்.

அரை நாள் ஏற்கெனவே போய்விட்டதால் லேத்காரருக்கு அவசரமே இல்லை. "இப்ப எண்ணு அண்ணாத்தே."

அப்பா எண்ணினார். இரண்டுக்குப் பூஜ்யம்.

"என் ஓட்டு இருக்கு சார்!" ஜன்னலுக்கு வெளியே காசாளரின் கை மட்டும் தெரிந்தது.

"கால் தரைல பட்டா ஓட்டு கெடையாது நைனா" என்றார் லேத்காரர்.

அப்படியொரு விதி அதுவரை இருந்ததில்லை. அப்பா அதைப் பற்றி யோசிப்பதற்குள் சிக்னல் விழுந்தது. காசாளர் கூடவே ஓடி வந்தார். "ரயில்வேயை நம்பி முடிவு பண்ணாதீங்க சார்!"

"எழுதும்மா" என்றார் அப்பா.

வண்டி குலுங்கியதில் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. என் கையால் அப்படியொரு கோணல் எழுத்தை நான் விட்டுவைத்ததே இல்லை. நிதானமாகத் திருத்தலாம் என்று தோன்றியது. ஆனால் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் யாராவது கை தூக்கத் தயாராக நிற்கக்கூடும். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.