லெந்துக்கு முந்தின ஞாயிறும் ஒரு ஜோடிச் சினைப்பையும்

வள்ளியூர்ப் பக்கம் பன்றிக்கறிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள்தான் என்றைக்காவது ஒருநாள் நம்மை வசமாகக் கவிழ்த்துவிடுவார்கள்.

அன்றைக்கு லெந்துக்கு முந்தின ஞாயிறு. புதன்கிழமை லெந்து என்ற தவக்காலம் தொடங்கிவிட்டால், ஈஸ்டர் வரை அவருடைய வாடிக்கைக்காரர்கள் பாதிப்பேர் கறியைத் தொடமாட்டார்கள். கடையும் பூட்டிக் கிடக்கும். எனக்கோ ஆராய்ச்சிக்கு நீட்டித்துக் கொடுத்த காலம் ஈஸ்டருக்கு முன்னாலேயே முடிகிறது. அன்று அவர் கடையில் பன்றிச் சினைப்பை கிடைக்காவிட்டால் மூன்று வருஷப் பாடும் ஆற்றில் கரைத்த புளிதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பன்றியின் சினைமுட்டை விளையத் தொடங்கியதும், அதன் மரபணுக்கள் ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளும். புதிதாக ஆர்.என்.ஏ. எழுதாது. முன்பே சேர்த்துவைத்ததைத்தான் எடுத்து எடுத்துச் செலவழிக்கும். எது தீர்ந்தது, எது மிஞ்சியது என்று விளையாத முட்டையையும் விளைந்த முட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விளையாதவற்றின் ஆர்.என்.ஏ. ஏற்கெனவே எடுத்து எங்கள் ஆய்வகத்து உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. விளைந்தவைதான் கைக்கு எட்டாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

சர்ச்சில் முதல் ஆராதனை விடுவதற்குள் கடைக்குப் போய்விட்டேன். அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு தெர்மாகோல் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"கூட்டம் அம்மும்னு வெள்ளனவே அறுத்துட்டேன் டாக்டரம்மா. கெட்டுப்போவக் கூடாதுல்லா, நல்லா ஐஸ் போட்டு வச்சிருக்கேன்."

எப்போதும் நானே பக்கத்தில் நின்று, வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றிய ஃபிளாஸ்கில் போட்டுக்கொள்வேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. பன்றி முட்டைக்குள் கொழுப்பு அதிகம், குளிர் பட்டால் தாங்காது.

"யாரு உங்கள ஐஸ் போடச் சொன்னா? போச்சு, எல்லாம் போச்சு!"

"கறிய ஐஸ்லதானம்மா வைப்போம்..."

"இது கறி இல்ல அண்ணாச்சி, உசிரு!"

வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி முகம் தொங்கிப்போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு, "பொறுங்கம்மா, பின்னால இன்னும் ஒரு பெட்டப் பன்னி நிக்கி" என்றார்.

அதை அறுத்துக் கிடைத்த ஜோடிச் சினைப்பையை ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். நாங்குநேரி தாண்டியதும் டயர் வெடித்தது. சனியன், நல்ல நாளும் அதுவுமாகவா! ஃபிளாஸ்கில் செருகிய வெப்பமானி பைய இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிளாஸ்கைத் துப்பட்டாவில் சுற்றி வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பிள்ளைக்குப் பாலா?"

பன்றிச் சினைப்பை என்றா சொல்ல முடியும்? "ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்து வந்த பஸ் நிற்காமல் போகப் பார்த்தது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கே போய்விட்டார். "ஏலே நிறுத்துலே, பிள்ளைக்குப் பால் போவுது!" பஸ்ஸுக்குள் நிற்கவே இடமில்லை. அப்படியும் ஒருவர் எழுந்து உட்கார இடம் கொடுத்தார். கண்டக்டர் வழிநெடுக அவசரப்படுத்திக்கொண்டே வந்தார். இறங்கும்போது அந்த அம்மா, "ஓடு தாயி, பிள்ள அழும்" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஓடினேன்.

சினைப்பையிலிருந்து முட்டைகளை எடுத்து, விளைவதற்காக இன்குபேட்டரில் வைத்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்ட் போனால் தொலைந்தோம் என்று விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், அடேயப்பா! முட்டையைச் சுற்றி ஒட்டிக்கிடந்த உயிரணுக்களெல்லாம் ஊறிய சப்ஜா விதை போல உப்பி விரிந்திருந்தன. பெரும்பாலான முட்டைகள் ஓரத்தில் ஒரு சின்ன உருண்டையைத் தள்ளிவிட்டிருந்தன. விளைந்ததற்கு அதுதான் அடையாளம்.

அந்தச் சந்தோஷத்தோடேயே விளைந்தவற்றைப் பொறுக்கி, குழாயில் இருந்த ஒரு சொட்டுத் திரவத்தில் போட்டேன். ஆர்.என்.ஏ.வை எடுக்க வேண்டுமென்றால் முட்டையைக் கரைத்தாக வேண்டும். போட்டதும் கரைந்துவிட்டன. ஆய்வு பிழைத்தது.

ஈஸ்டர் முடிந்து அண்ணாச்சி போன் போட்டார். கடை திறந்தாயிற்றாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"அன்னைக்கு உசிருன்னு சத்தம் போட்டீங்கள்லா டாக்டரம்மா. எத்தன குட்டி?"

"எல்லாம் நல்லா விளைஞ்சுது அண்ணாச்சி" என்றேன்.

"அப்பாடா" என்றார் அவர். "நான் கெடுத்துட்டேனோன்னு லெந்து முழுக்க ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேம்மா."