லமினேற் செய்யப்பட்ட அலுமாரி

ஐம்பத்திரண்டு வயதில், இசைத்தட்டு ஓட்டும் கருவி எதுவும் இல்லாத வீட்டுக்கு நான் ஓர் இசைத்தட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பாட்டுக்காக அல்ல, உறையில் இருந்த படத்துக்காக. இதை எழுதும்போதே காது சூடாகிறது.

அது அரை நூற்றாண்டுக்கு முந்திய ஓர் ஆங்கில றொக் இசைக்குழுவின் தட்டு. குருநகரில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் கழித்துவிட்ட சாமான்களுக்குள் கிடந்தது. உறை முழுக்க ஒரு பழைய மர அலுமாரி. பெயர் இல்லை, எழுத்து இல்லை. அலுமாரியின் இரண்டு கதவுகளும் மட்டையில் வெட்டப்பட்டவை; நகத்தால் நெம்பினால் உண்மையாகவே திறக்கும். உள்ளே நான்கு நீள்முடிக்காரர் சட்டைகள்போலக் கொழுவியில் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்ட எரிச்சலில் நம்மைப் பார்ப்பார்கள். பதினேழு வயதில் ஒரு பழைய சஞ்சிகையில் மூடிய கதவை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று முப்பத்தைந்து வருடம் யோசித்தவன் நான்.

ஆகவே வந்தவர் போனவருக்கெல்லாம் திறந்து காட்டினேன். ஒரு மாதத்தில் இடது கதவின் மடிப்பு கிழியத் தொடங்கியது. அப்போதுதான் மனைவியிடம் அந்த வசனத்தைச் சொன்னேன்.

"இது என்ரை பிறப்புச் சான்றிதழை விட முக்கியம். கவனமா எடுத்து வையும்."

மனைவி மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. சொன்னதைச் சொன்னபடி செய்பவர். எங்கள் பக்கத்தில் முக்கியமான கடதாசிக்கு ஒரே கதிதான். மழையிலும் சேற்றிலும் பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடம்பெயர்ந்த சனம் நாங்கள். எதையும் லமினேற் செய்தால்தான் நித்திரை வரும். மூன்றாம் நாள் நான் வேலையால் வந்தபோது அலுமாரி மேசையில் மினுங்கிக்கொண்டு கிடந்தது, இரண்டு பக்கமும் தடித்த பிளாஸ்ரிக்கோடு. இசைத்தட்டு ஒரு தலையணை உறைக்குள் இருந்தது.

"கதவு?" என்றேன்.

"இனி அது கிழியாது," என்றார் மனைவி.

மனைவி லமினேற் செய்வித்த மானிப்பாய்க் கடைக்குச் சைக்கிளை மிதித்தேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, தன் வேலையைத் தானே மெச்சினார்.

"பாருங்கோ அண்ணை, ஒரு குமிழ்கூட இல்லை."

"இதை உரிக்கேலுமோ?"

"உரிச்சா மட்டையும் சேர்ந்து வரும்."

"கதவை மட்டும்?"

"என்ன கதவு?"

விளக்கினேன். ஒரு நோயாளியிடம் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார். "திறந்து வைச்சுத் தந்திருந்தா அப்பிடியே அடிச்சிருப்பன் அண்ணை."

வீட்டுக்கு வந்து சவர அலகை எடுத்தேன். இடது கதவின் ஓரமாக மெதுவாக ஒரு கோடு இழுத்தேன். பிளாஸ்ரிக் வெட்டுப்பட்டது, கதவு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கதவு திறந்தது. அலகு தேவைக்கு மேல் ஆழமாகப் போயிருந்தது. ஓரத்தில் தொங்கிய பாடகரின் மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது.

மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கை ஆர் நிக்கினம் எண்டு உங்களுக்கு ஏற்கனவே தெரியுந்தானே. பிறகென்னத்துக்குத் திறந்தனீங்கள்?"