பாப்பம்மா மாற்றிச் சொன்ன பேச்சு

மஹய்யாவையில் யாருக்காவது ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்று ஒரு காரியம் வந்துவிட்டால் முதலில் பாப்பம்மாவைத்தான் தேடுவார்கள். சிங்களம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆனாலும் பாப்பம்மா கூட வந்தால் காரியம் பதமாக முடியும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கட்டுக்கலையில் ஒரு சிங்கள வீட்டில் பிள்ளை பார்க்கப் போனவள் அவள். பதினோரு வருஷம் அங்கே இருந்தாள். அந்த வீட்டு அம்மாவின் பேச்சில் இருந்த மரியாதையும் இழுவையும் அப்படியே இவள் வாயில் ஒட்டிக்கொண்டது.

அவள் பேச்சை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு இருளப்பன் ஒருதரம் பொலிஸில் நின்றுகொண்டு, "அந்தத் தடியன்கிட்ட கேளு பாப்பம்மா, எம்மவனை எதுக்குப் புடிச்சு வச்சிருக்கான்னு!" என்று கத்தினார். பாப்பம்மா சார்ஜனைக் கும்பிட்டாள். "மகன் கொஞ்சம் சுகமில்லாத பிள்ளை, ஐயாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர் கேட்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னாள். பையனை அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் இருளப்பன், "நல்லா குடுத்தியா?" என்றார்.

"குடுத்தேன், குடுத்தேன். நடங்க."

"அதான் மூஞ்சி செத்துப் போச்சு அவனுக்கு" என்று மீசையைத் தடவிக்கொண்டார் மனுஷன்.

இன்னொரு நாள், படுக்கையில் கிடந்த ஒருவரைக் காட்டி டொக்டர், "இனி ஒரு மாதம்தான்" என்றார். அதை அவருடைய மனைவியிடம், "கொஞ்ச நாள் எடுக்குமாம், நீங்க கூடவே இருங்க" என்று கொண்டுவந்து கொடுத்தாள் பாப்பம்மா. அந்தம்மாவும் கடைசிவரைக்கும் கூடவே இருந்தார். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கெட்ட சொல்லை வாயால் எடுத்தால் அது வீட்டுக்குள் வந்து கால் நீட்டிவிடும் என்பது அவளுடைய எண்ணம். அப்படியே ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வந்துவிட்டாள்.

அப்போது அவளுக்குப் பல்கலைக்கழகக் கெம்பஸில் வேலை. மனக்கஷ்டம் உள்ள பிள்ளைகள் வந்து பேசுகிற ஒரு சின்ன ஆபீஸ், கந்தோர் என்பார்கள், அங்கே இருந்தது. அதைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். இரண்டாயிரத்துப் பதினான்காம் வருஷம் அந்தக் கந்தோரில் ஆலோசனை சொல்கிற மிஸ் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் ஆரம்பித்தார். ஐந்து பிள்ளைகள். புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். மனதில் இருப்பதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். மருந்து மாத்திரை இல்லை, பேச்சுத்தான் மருந்து. மிஸ் தங்கமான மனுஷி, ஆனால் தமிழ் வராது. மொழிபெயர்க்கிற பிள்ளை பிரசவ லீவில் போய்விட்டதால், வேறு ஆள் வரும்வரை பாப்பம்மாவை வட்டத்தில் உட்கார வைத்தார்.

"வட்டத்தில் பேசியது வட்டத்தோடு நிற்க வேண்டும்" என்று மிஸ் சொல்லிக் கொடுத்தார். "அவர்கள் சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அழுதால் அழட்டும், கோபப்பட்டால் கோபப்படட்டும். அப்படியே எனக்குத் தாருங்கள்."

பாப்பம்மா தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, கூட்டாமல் இருக்க முடியவில்லை. அக்குறணைப் பையன் ஷிராஸ், தூக்கம் வரவில்லை என்று ஒற்றை வரி சொன்னால், பாவம், வாப்பா கடையில் தனியாகக் கஷ்டப்படுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். ஷிராஸுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் சிரித்துவிட்டான்.

"பாப்பாக்கா, நான் ஒண்டு சொன்னா நீங்க மிஸ்ஸுக்கு மூணா சொல்றீங்க. எனக்கே தெரியாத பிரச்சினையெல்லாம் எனக்கு வந்துரும் போல இரிக்கி!"

வட்டம் முழுக்கச் சிரித்தது. ஒரு பிள்ளை மட்டும் உதட்டைக் கூட அசைக்கவில்லை. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சீதா. அவளுடைய டிவிஷனிலிருந்து கெம்பஸுக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அவள் வந்த வருஷம் தோட்டத்துக் கோயில் வாசலில் அவளுடைய படத்தைப் பெரிதாக அடித்துக் கட்டியிருந்தார்கள். இங்கே வந்தால் பாடமெல்லாம் இங்கிலீஷ். இரண்டு தரம் சோதனை எழுதி இரண்டு தரமும் தவறிவிட்டாள். வீட்டுக்குத் தெரியாது. லீவுக்குப் போனால் அந்தப் படத்தைக் கடந்துதான் லயத்து வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் லீவுக்கும் போவதில்லை. இவ்வளவும் சொல்லி முடிக்க அவளுக்கு நாலு புதன்கிழமை எடுத்தது. அதுவும் வட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பாப்பம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அவள் காதில்தான் சொன்னாள். அவளால் முடிந்தபடி சொல்லட்டும் என்று மிஸ்ஸும் விட்டுவிட்டார். பாப்பம்மா அதை வாங்கி, வட்டத்துக்குத் தமிழிலும் மிஸ்ஸுக்குச் சிங்களத்திலும் சொல்வாள்.

ஐந்தாவது புதன்கிழமை சீதா காதில் சொன்னது இதுதான்:

"வீட்டுக்கு ஒரு காயிதம் எழுதி சூட்கேஸ்ல வச்சிருக்கேன்கா. நான் இல்லாமப் போன பொறகு எடுத்துப் படிக்கட்டும்."

எல்லோரும் பாப்பம்மாவைப் பார்த்தார்கள். மிஸ் முன்னால் குனிந்து, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னதை எந்த வாயால் சொல்வது? சபையில் வைத்துச் சொன்னால் பலித்துவிடாதா? நாளைக்கு இந்தப் பிள்ளைகள் அவளை ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்களா? இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. வாய் பழகிய வழியிலேயே போனது.

"ரொம்பக் களைப்பா இருக்காம். வீட்டு ஞாபகமாவே இருக்காம்" என்றாள். அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

சீதா திரும்பி அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். மானத்தைக் காப்பாற்றிவிட்டோம், பிள்ளைக்கு நிம்மதி என்று பாப்பம்மா நினைத்துக்கொண்டாள். வீட்டு ஞாபகம் வருவது இயல்புதான், நன்றாகத் தூங்க வேண்டும் என்று மிஸ் அன்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

கூட்டம் முடிந்தது. மிஸ் டவுனில் ஒரு மீட்டிங் என்று அவசரமாகக் கிளம்பினார். பாப்பம்மா கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினாள். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த அறைக் கிளார்க்கிடம் சொல்லலாம் என்றால் வட்டத்துப் பேச்சை வெளியே சொல்லக் கூடாது. வட்டத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லவுமில்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது தானேதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கைத்துண்டைப் போட்டுவிட்டு ஹொஸ்டலுக்கு நடந்தாள். அது ஏற்றம். பாதியில் மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

கேட்டில் இருந்த காவல்காரர், "நாலரைக்குப் பிறகுதான் ஆள் பார்க்கலாம்" என்றார். பாப்பம்மா அவருக்கு முன்னால் அப்படியே நின்றாள். "கந்தோர் வேலையாக வந்திருக்கிறேன், சீதாவைக் கூப்பிடாவிட்டால் போக மாட்டேன்" என்றாள். அவருக்கே சங்கடமாகி, உள்ளே ஆள் அனுப்பினார்.

சீதா இறங்கி வந்தாள். குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டிருந்தாள். பாப்பம்மா அவள் வழியை மறித்து நின்றாள்.

"என்னக்கா?"

"எங்கம்மா கிளம்புற?"

"எங்கயும் இல்லக்கா."

பாப்பம்மா அவளை விருந்தாளி அறை வாங்குப் பலகையில் இழுத்து உட்கார வைத்தாள். "நீ சொன்னதை நான் அங்க சொல்லலம்மா. நாலு பேருக்கு முன்னால எப்படிச் சொல்றது? ஒனக்கு வெக்கமா இருக்கும்னு…"

"என்னால சொல்ல முடியாமத்தானே ஒங்க காதுல சொன்னேன்" என்றாள் சீதா. குரலில் கோபம் கூட இல்லை. "நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்கா. நீங்களே மாத்திச் சொன்னதும், சரி, இது யாருமே வாயால சொல்லக் கூடாத விஷயம் போலன்னு விட்டுட்டேன். மிஸ் தூங்கச் சொன்னாங்க."

எத்தனை கந்தோரில், எத்தனை பேருக்காக வாய் திறந்தவள் பாப்பம்மா! ஒரு கையால் சீதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தாள். இரண்டாம் தரம் அடித்ததும் மிஸ் எடுத்தார்.

"மிஸ், நான் இன்றைக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னாள்? அவள் சொன்னபடியே சொல்லுங்கள்."

பாப்பம்மா சொன்னாள். காயிதம், சூட்கேஸ், இல்லாமல் போன பிறகு படிக்கட்டும் என்றது, ஒன்றையும் விடாமல், தானே எழுதி வைத்தவள் மாதிரிச் சொன்னாள். "அவளைத் தனியாக விடாதீர்கள். இதோ வருகிறேன்" என்று மட்டும் சொன்னார் மிஸ். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையை விடுங்கக்கா, வலிக்குது."

"வலிக்கட்டும்."

"நான் ஓட மாட்டேன்."

"ஓடு பாப்போம்" என்றாள் பாப்பம்மா. சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். சீதா அழவில்லை.

மிஸ் வந்து இருவரையும் வாகனத்தில் ஏற்றினார். அன்றைக்கே சீதாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று மிஸ் கேட்டபோது சீதா பாப்பம்மாவைப் பார்த்து, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க. மாத்தாமச் சொல்லுங்க" என்றாள்.

மகள் ஆஸ்பத்திரியில் என்று மட்டும் தோட்டத்துக்குச் செய்தி போய், மறுநாள் காலையில் அப்பா பொன்னையா வந்தார். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பிடிக்கிறவர். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்ற தமிழ் முகம் பாப்பம்மா ஒன்றுதான். நேராக அவளிடம் வந்தார்.

"என்னாம்மா எம்புள்ளைக்கு? காய்ச்சலா? காய்ச்சல்னு சொன்னா நான் பயப்பட மாட்டேம்மா."

அப்படியே ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்? பாப்பம்மா அவரைக் கதிரையில் உட்கார வைத்து, சோதனை தவறியதிலிருந்து காயிதம் வரைக்கும் சொன்னாள். சர்க்கரை போடாமல், தண்ணீர் கலக்காமல் சொன்னாள். அவர் எழுந்து, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, "எந்தக் கட்டில்?" என்றார்.

மிஸ்ஸும் பாப்பம்மாவும் பின்னால் போய் நின்றார்கள். பொன்னையா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தார். போர்வையின் ஓரத்தை மகளின் பாதத்துக்கு இழுத்துவிட்டார். சுருக்கத்தை நீவினார். திரும்பவும் இழுத்துவிட்டார். சீதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு இரண்டு தரம் அசைந்தது, சொல் வெளியே வரவில்லை.

மிஸ் பாப்பம்மாவின் தோளைத் தொட்டு, "அப்பா என்ன சொல்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாப்பம்மா அந்த இரண்டு பேரின் வாயையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒன்றும் சொல்லவில்லை, மிஸ்" என்றாள்.