அழிக்க அழிக்க வந்த பாஸ்வேர்ட்

மென்பொருள் எழுதுபவர்கள் சந்தேகம் கேட்கும் இணைய மன்றம் ஒன்றில், பதிவுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது. தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்தே அதைச் செய்கிறேன்.

அண்மையில் திரிங்காப்பைச் சேர்ந்த குமரன் என்பவர், தான் எழுதிய கிளினிக் மென்பொருளில் ஏதோ பிழை என்று அதன் நிரலை அப்படியே மன்றத்தில் போட்டுவிட்டார். நோயாளிகளின் விவரங்களைத் திறக்கும் பாஸ்வேர்டும் அதில் இருந்தது! பதறிப்போய் அழித்தேன். மறுபடியும் போட்டார். அதையும் அழித்தேன். “அட்மினுக்குத் திமிர்” என்ற தலைப்போடு இன்னொரு முறை போட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெய்த மழையில் வீட்டில் நெட் போய்விட்டது. எரிச்சலோடு குடையை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினேன். கைப்பேசியில் பதிவை மறைத்துவிட்டு, மன்றத்தில் அவர் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்து, நான்தான் அந்த அட்மின் என்றேன்.

“ஏன்கா என் போஸ்ட்ட தூக்கிக்கிட்டே இருக்கீங்க?”

“உங்க பாஸ்வேர்ட் அதுல இருக்குலா! யாராச்சும் உள்ள பூந்துட்டா என்ன செய்வீங்க?”

“அலாமாக்! நான் பாக்கவே இல்லக்கா. இப்பவே மாத்திடுறேன்.”

நல்லவேளை, அதற்குள் யாரும் நுழைந்திருக்கவில்லை. முதலிலேயே ஒரு வரி காரணம் எழுதியிருந்தால் நான் மழையில் ஓடியிருக்க வேண்டாம். இப்போதெல்லாம் எந்தப் பதிவை அழித்தாலும், ஏன் என்று உடனே அதைப் போட்டவருக்கு எழுதிவிடுகிறேன். அதையும் படிக்காமல் சண்டைக்கு வருபவர்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

– சாந்தி, கேமரன் மலை