நெருப்புக்கு முந்திய மனிதன்

பனிச்சங்கேணியில் என் சித்தப்பா யோகராசாவைத் தெரியாதவர்கள் இல்லை. நண்டு பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று ஒரு காலத்தில் தெரியும். இப்போது, சமைத்த எதையும் வாயில் வைக்காத மனிதர் என்று தெரியும்.

காலையில் தோணியைக் கட்டிவிட்டு வேலியோரம் குந்தியிருந்து சாப்பிடுவார். உடைத்த தேங்காய், முளைகட்டிய பயறு, பப்பாசிப்பழம், சில நாட்களில் தேசிக்காய்ப் புளியில் ஊறிய பச்சை இறால். கருவாடும் தின்பார், ஆனால் சுடாமல், பொரிக்காமல், பல்லால் இழுத்து இழுத்து. வெயிலில் காய்ந்தது அவருக்கு ஆகும். நெருப்பில் காய்ந்தது ஆகாது. முதலில் அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெல்லை வறுத்துத்தான் அவல் இடிக்கிறார்கள் என்று யாரோ ஞாபகப்படுத்திய அன்று அதையும் விட்டுவிட்டார்.

ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் நண்டு வாங்க வரும் நிஸ்தாருக்கு அவரைச் சீண்டாமல் பெட்டி நிறைக்க முடியாது.

"என்ன மச்சான், இன்னும் வால் முளைக்கல்லயா?"

"நீ சிரி. உனக்குச் சீனி வருத்தம் இரிக்கு, பிரசர் இரிக்கு. குரங்குக்கு இரிக்கா?"

"குரங்குக்குப் பெண்டாட்டி ஆக்கிக் குடுக்கல்ல. எனக்குக் குடுக்கிறா. நேத்து ஆட்டிறைச்சி. வாசம் பாலம் மட்டுக்கும் வந்தது."

அதற்குப் பிறகு சித்தப்பா தொடங்குவார். எல்லாம் கைபேசியில் பார்த்தும் கேட்டும் சேர்த்தது.

"மனிசன் நிமிந்து நடக்கத் தொடங்கி எத்தின லட்சம் வருசம் எண்டு தெரியுமா உனக்கு? அடுப்பு நேத்து வந்த சாமான். அதுக்கு முந்தி கிழங்கு கிண்டித் திண்டான், பழம் திண்டான், தண்ணிக் கரையில மட்டி பொறுக்கித் திண்டான். இந்தப் பல்லும் குடலும் அதுக்கெண்டு வந்தது. நாங்கதான் இடையில நெருப்பைக் கொண்டுவந்து பழுதாக்கிப்போட்டம்."

"அந்த மனிசன் எத்தின வயசு மட்டுக்கும் சீவிச்சான் மச்சான்?"

சித்தப்பா நண்டின் காலைக் கட்டுவார். அவருடைய கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் விழுந்துவிட்டன. கன்னம் உள்ளே போய், தாடை எலும்பு தோலுக்குள் அசைவது தெரியும். நிஸ்தார் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்துவார். போகும்போது வாழைப்பழச் சீப்பு ஒன்றை வேலியில் கொழுவிவிட்டுப் போவார்.

சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருடம் அவருடைய இளைய மகள் கம்சாயினி அந்த வீட்டுக் குசினியில் எரிந்து இறந்தாள். காஸ் இல்லை, காய்ந்த விறகும் இல்லை. அவருடைய மனைவி, என் சீதேவிச் சின்னம்மா, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போயிருந்தார். விடிய, களப்பு என்கிற கடலேரியில் வலை இழுத்துவிட்டு வந்த சித்தப்பா நல்ல நண்டு கிடைத்த சந்தோசத்தில் வேலிக்கு வெளியே நின்றே கூப்பிட்டாராம்: "கம்சா, அடுப்பை மூட்டு மகள், சுட்டுத் திம்பம்." பச்சைக் கண்டல் விறகு பற்றவில்லை. பிள்ளை குசினிக் கேனில் மிச்சம் கிடந்த மண்ணெண்ணெயை ஊற்றினாள். இவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்தது.

நான் அப்போது எங்கோ ஒரு விமான நிலையத்தில் இருந்தேன். நாடு மாறி நாடு போய், ஓரிடத்திலும் தங்க மனமில்லாமல், இந்த வருடம்தான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் சின்னம்மா வீட்டில் குசினி இருக்கிறது, அடுப்பு இல்லை. முப்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு சித்தப்பா அடுப்புக் கல்லைப் பெயர்த்துத் தோணியில் ஏற்றிக் களப்பு நடுவில் போட்டுவிட்டாராம். நெருப்புப்பெட்டிகூட அந்த வளவுக்குள் கிடையாது. சாமிப் படத்துக்கு விளக்கு இல்லை, பூ மட்டும்.

சின்னம்மா அடுத்த வளவில் எங்கள் வீட்டுக்கு வந்துதான் சமைத்தார். சமைத்து, அங்கேயே கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அவசரமாகச் சாப்பிடுவார். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, மணந்து பார்த்து, மறுபடியும் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார். தேநீர் குடித்தாலும் வாய் கொப்பளிப்பார். திருட்டுத் தொழில் செய்கிற ஒருவரைப்போல அவர் தன் சோற்றைத் தின்றார்.

"ஏன் சின்னம்மா இப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கு மணம் ஒத்துக்கொள்ளாதுகா. பாவம்," என்றார்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், கட்டிய ஆண் வந்து இருப்பான். அந்த வீடும் சின்னம்மாவின் சீதன வீடுதான். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியவரில்லை.

எனக்கோ சித்தப்பாவின் வாதத்தைச் சும்மா விட முடியவில்லை. நெருப்பைப் பற்றி மறுபக்கம் சொல்கிறவர்களை நான் வாசித்திருந்தேன். ஒரு பின்னேரம் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, சமைச்சுத் திண்டதாலதான் மனிசன்ட குடல் சுருங்கினதாம், தாடை சிறுத்ததாம். மிச்சம் பிடிச்ச பலத்திலதான் மூளை பெருத்தது எண்டும் சிலர் சொல்றாங்க. நாங்க நெருப்பைக் கண்டுபிடிக்கல்ல. நெருப்புத்தான் எங்களை மனிசராக்கினது."

அவர் நூலைப் பல்லால் அறுக்கப் பார்த்தார். பல் இல்லாததால் கத்தியை எடுத்தார்.

"இரிக்கும். படிச்சவங்க சொன்னாச் சரியா இரிக்கும். அப்ப ஒண்டு சொல்லு புள்ள. அந்த முதல் நெருப்பில எத்தின புள்ளைகள் எரிஞ்சிரிக்கும்? அதை ஆரும் எழுதி வச்சிரிக்காங்களா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் உணவைப் பற்றிப் பேசவே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது. நெருப்பே இல்லாமல் மனிதர் வாழ்ந்த ஒரு காலத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு தகப்பன் அடுப்பை மூட்டச் சொல்லி மகளைக் கூப்பிட்டிருக்க மாட்டான்.

மார்கழி மழைக்குள் மூத்த மகள் மேனுகா பிள்ளை பெற்றாள். கணவன் கட்டாரில். பிள்ளைப்பெற்றவள் தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே கேள்வி வந்துவிட்டது. தாய்க்கு இலை அவித்த தண்ணீர் வேண்டும், சரக்குக் கறி வேண்டும், குழந்தைக்கு வெந்நீர் வேண்டும்.

"அங்கால வீட்டில சுடவச்சுக் கொண்டு வாங்க," என்றார் சித்தப்பா. "இல்லாட்டி கறுப்புப் பேசின்ல வெயிலுக்கு வைப்பம்."

"வெயில் எங்க இரிக்கு?" என்றார் சின்னம்மா. முற்றம் முழுவதும் வெள்ளம்.

நானும் அம்மாவும் வாளியில் சுமந்தோம். மழையில் வேலி கடந்து வரும்போதே தண்ணீர் ஆறிவிடும். மேனுகா பல் கிட்டிக்கொண்டு குளித்தாள். அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

மறுநாள் சித்தப்பா களப்புக்குப் போனதும் சின்னம்மா செங்கல் மூன்றைக் குசினிக்குள் கொண்டுவந்தார். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கொள்ளிக்கட்டை ஒன்றை ஓட்டுத்துண்டில் வைத்துக் கொண்டுபோய் மூட்டினார். பானையில் வேப்பிலையும் பாவட்டையும் கொதித்தன. அந்தக் கூரையிலிருந்து புகை வந்ததைப் பார்த்து அம்மா வாசலில் நின்று அழுதார்.

களப்பிலிருந்தும் அந்தப் புகை தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா நேரத்தோடே வந்துவிட்டார். தோணியைக் கட்டவும் இல்லை. கிணற்றடி வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். சோவென்று ஒரு சத்தம், பிறகு நீராவியும் சாம்பலும். குளிக்க அடுப்போரம் உட்கார்ந்திருந்த மேனுகாவின் மேலெல்லாம் கரி. குழந்தை வீரிட்டது.

"அப்பா," என்றாள் மேனுகா. "செத்தது தங்கச்சி. நான் இன்னும் இரிக்கன்."

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார்.

சின்னம்மா நனைந்த விறகை வெளியே இழுத்துப் போட்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. நாளைக்கு இவள்ட வீடு. இஞ்ச அடுப்பு எரியும். இவ்வளவு காலமும் உங்களுக்காகத்தான் எரியாமக் கிடந்தது."

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அது மண்ணெண்ணெய் இல்ல சீதேவி. பெற்றோல். தோணியில இரிந்தா களவு போகும் எண்டு இராவு நான்தான் அந்த மண்ணெண்ணெய்க் கேனுக்குள்ள ஊத்திக் குசினியில வச்சன். ஒருத்தருக்கும் சொல்லல்ல. புள்ளைக்கும் சொல்லல்ல. மறந்துபோனன். மறந்துபோய் மூட்டு எண்டு சொன்னன்."



"தெரியும்," என்றார் சின்னம்மா.

"எப்ப?"

"அண்டைக்கே. கேன் மணத்தது. அதை நான்தான் கிணத்தடி மண்ணுக்குள்ள தாட்டன், பொலிஸ் வர முந்தி."

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னம்மா பக்கத்தில் போகவில்லை. அடுப்பில் புது விறகு வைத்தார். என்னைப் பார்த்து, "கொள்ளி இன்னொண்டு எடுத்து வாகா," என்றார்.

நான் கொண்டுவந்தபோது சித்தப்பா அங்கே இல்லை. மாற்றுச் சாரத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு களப்போரத்து வாடிக்குப் போய்விட்டார். வலை வைக்கக் கட்டிய ஓலைக் கொட்டில் அது. மழைக்கு ஒழுகும்.

பின்னேரம் அம்மா தந்த பப்பாசியோடு அங்கே போனேன். அவர் வலைக் குவியலுக்கு மேல் கால்களை மடக்கி இருந்தார். பழத்தை வாங்கினார், வெட்டவில்லை.

"தண்ணி வார்த்தவங்களா புள்ளைக்கு?"

"ஓம்."

"சுட்டு அழுதானா?"

"இல்ல சித்தப்பா. இளஞ்சூடுதான். தண்ணி பட்டதும் அப்பிடியே நித்திரையாப் போனான்."

அவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவங்க மூட்டட்டும்," என்றார் கடைசியில். "நல்லா மூட்டட்டும். நான் அங்க வரல்ல. சின்னம்மாட்டச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். சின்னம்மா மேனுகாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். தனக்கும் ஒரு பீங்கானில் போட்டு, இவ்வளவு வருடத்துக்குப் பிறகு தன் சொந்தக் குசினியில் சம்மணமிட்டு இருந்தார். சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"நெருப்பில்லாம அவரோட இரிந்தன்," என்றார். "அது ஏலுமா இரிந்தது. அவரில்லாம இது ஏலுதில்லகா."