முன்பல்லில் ஒரு சந்து

பல்செட்டு செய்யும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவளுக்குத் தன் பல்லைக் காட்டிச் சிரிக்கத் தைரியம் இல்லை. கேட்பவர்களுக்கு வேடிக்கைதான். அவளுக்கு அப்படி இருந்ததில்லை. மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. பக்கத்துப் பல் கோபித்துக்கொண்டதுபோலக் கொஞ்சம் திரும்பி நிற்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லப்போக, அன்று வாய்க்குப் போன கை நாற்பத்திரண்டு வயதாகியும் இறங்கவில்லை. பட்டறையில் அவளுக்குப் பெயரே 'வாய்பொத்தி'.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அந்தக் கையே வேறு. டாக்டர்கள் அனுப்பும் ஈறு அச்சின்மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டால் வரிசை நூல் பிடித்த மாதிரி நிற்கும். முதலாளிக்கு அதைப் பார்த்தால் வாயெல்லாம் பல். அவளுக்குத்தான் அலுத்துப்போயிருந்தது. யார் வாய்க்குப் போனாலும் அதே சிரிப்பு. ஒருமுறை ஒரு பல்லை லேசாகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள்.

"உன் கைவரிசையெல்லாம் வீட்டோட வெச்சுக்கோ. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

வாயை மூடிக்கொண்டாள். அதுதான் பழகிய வேலையாயிற்றே.

போன மாதம், ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவரின் அச்சு வந்தது. பல்லின் அளவு தெரியட்டும் என்று டாக்டரம்மா கூடவே ஒரு பழைய போட்டோவும் அனுப்பியிருந்தார். பஸ் படியில் நின்று மனிதர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். முன்பற்களுக்கு நடுவே சந்து. அவளுடையதைவிடப் பெரிது, டிக்கெட்டே செருகலாம். மறைக்கவேண்டும் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று இரண்டு வரிசை செய்தாள். வழக்கமான நேர்வரிசை ஒன்று. மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, சந்து வைத்து இன்னொன்று. சந்தின் ஓரம் ஈறோடு எப்படிச் சேரும் என்பது போட்டோவில் தெரியவில்லை. கைக்கண்ணாடியை எடுத்துத் தன் வாயைத் திறந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் அதைப் பார்த்ததே இல்லை. அசிங்கமாக ஒன்றும் தெரியவில்லை. யாரோ யோசித்து விட்ட இடம்போல இருந்தது.

மறுநாள் முதலாளி ஊரில் இல்லை. மெழுகுவரிசையை வாயில் பொருத்திப் பார்க்க அவளே கிளினிக்குக்குப் போகவேண்டியதாயிற்று. கண்டக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்; அவர் மனைவி பக்கத்தில் நின்றாள். மெழுகுவரிசைக்காக டாக்டரம்மா கை நீட்டினார். பைக்குள் அவள் விரல் நேர்வரிசை டப்பாவைத்தான் முதலில் தொட்டது. வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் மற்ற டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"என்னங்க இது, நடுவுல இடம் விட்டிருக்கீங்க?"

"தெரிஞ்சுதான் விட்டேன் டாக்டர். போட்டோல இருக்கற மாதிரியே. எங்க முதலாளிக்குத் தெரியாது, நானா செஞ்சது. வேண்டாம்னா நேரா வெச்சதும் இருக்கு."

டாக்டரம்மா அதைக் கண்டக்டர் வாயில் பொருத்தினார். கண்டக்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கை பைக்குள் நேர்வரிசை டப்பாவின்மேல் போயிற்று.

கடைசியில் மனைவிதான் பேசினாள். "அப்பாடா. முன்னாடி வேற எடத்துல கட்டின பல்செட்டப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு பாருங்க, வீட்டுக்குள்ள யாரோ அசலூர்க்காரன் வந்த மாதிரி இருந்துச்சு. இப்பதான் இவரு இவரா இருக்காரு."

"பஸ் கெளம்ப, நிக்க, எல்லாத்துக்கும் இந்தச் சந்துலதாம்மா விசிலடிப்பேன்" என்று கண்டக்டர் உதட்டைக் குவித்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"மெழுகுங்க, பாத்து" என்ற டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "இப்படியே முடிச்சுடுங்க. உங்க முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவளுக்குப் போன உயிர் வந்தது. கண்டக்டர் விடாமல் மறுபடி ஊதினார். இந்த முறை எலி கத்துவதுபோல ஒரு சத்தம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"அட, உனக்கும் இருக்கா கண்ணு?" என்றாள் கண்டக்டர் மனைவி, அவள் வாயைப் பார்த்து.

"இருக்கும்மா. அதப் பாத்துதான் இதச் செஞ்சேன்" என்றாள் அவள், சிரிப்பு அடங்காமலே. கை டப்பாவின் மேலேயே இருந்தது.