கொலுப்படி ஏறிய கிட்டார்

என் கணவருக்குக் கிட்டார் பிடிக்காது என்று சொன்னால் அது அபாண்டம். யாரோ எங்கோ அவரவர் காசில் வாங்கி வாசித்தால் தலையாட்டிக்கொண்டே கேட்பார். அவர் வீட்டில், அவர் மனைவி, ஒன்று இருக்கும்போதே இரண்டாவதாக இன்னொன்று வாங்குவதுதான் அவருக்கு ஆகாது. அந்த இரண்டாவது கிட்டார் எங்கள் வீட்டில் எப்படி நிலைத்தது என்பதை ஜெயித்தவள் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும். அவரை எழுதவிட்டால் கதை வேறு மாதிரி போய்விடும்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவர் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறார். அவருக்கு உலகத்தில் எல்லாச் செலவும் அரிசி மூட்டைதான். நான் ஒரு புடவை வாங்கினால், "ஏம்மா, இது எத்தனை மூட்டை பொன்னி தெரியுமா?" என்பார். பல் டாக்டர் பில்லைப் பார்த்து, "ஒரு பல்லுக்கு ரெண்டு மூட்டையா?" என்று கேட்டவர். கஞ்சர் என்று சொல்லமாட்டேன். மூட்டை ஏறுவதும் இறங்குவதுமாக நாள் முழுக்கப் பார்க்கிற மனிதருக்குக் கணக்கு அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

என்னுடைய முதல் கிட்டார், கல்லூரித் தோழி ஒருத்தி கல்யாணமாகி வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் கழுத்து வளைந்து, கம்பிகள் மரத்தைவிட்டு எழும்பி நின்றன. நாலு கம்பியைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடிப்பதற்குள் விரல் நுனி கன்றிப்போகும். பகலெல்லாம் ஊரார் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன், சாயங்காலம் வந்து என் விரலிலேயே எடுத்துக்கொள்வேன். அதிலேயே வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டேன். வாசிக்காத நேரத்தில் அது பீரோவுக்குப் பின்னால் பழைய பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். விருந்தாளி வந்தால் கண்ணில் படக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "வாசிக்கிறதை நான் வேண்டாம்னு சொல்லலையே" என்று கூடவே சேர்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் எனக்கு போனஸ் வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. போனில் பார்த்து வைத்திருந்த புதுக் கிட்டாருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். ஆள் உயரப் பெட்டியில் அது வந்து இறங்கிய அன்றைக்கு அவரும் சீக்கிரம் வந்துவிட்டார். என் நேரம்.

"ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?"

"அதை வாசிச்சா கை புண்ணாகுதுங்க."

"அப்ப வாசிக்காம இருக்கலாமே!"

இதைச் சொன்னதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சரி, ரிட்டர்ன் போடுங்க! நல்லாப் போடுங்க!" என்று கத்திவிட்டுப் போனைச் சோபாவில் வீசிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கோபத்தில் ஒருத்தி சொல்வதை அப்படியே நம்புகிற அப்பாவி உலகத்தில் உண்டா? உண்டு. நான் காபியோடு திரும்பி வந்தபோது அவர் என் போனிலேயே ரிட்டர்ன் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்களாம். காரணம் கேட்ட இடத்தில் 'மனசு மாறிடுச்சு' என்று போட்டிருந்தார்.

"யார் மனசு மாறிச்சு?" என்று கேட்டேன். அவர் காபியை வாங்கிக்கொண்டார்.

என் காசில், என் விரலுக்காக வாங்கியது. அது போகப்போகிறது. திருப்பி அனுப்புவதை ரத்து செய்ய எனக்கும் தெரியும். ஆனால் நான் ரத்து செய்ய, அவர் மறுபடி போட, இது எங்கே போய் நிற்கும்? அது இந்த வீட்டில் இருக்கலாம் என்று அவர் வாயால் வரவேண்டும் என்பதுதான் என் வீம்பு. இல்லாவிட்டால் அதுவும் பீரோவுக்குப் பின்னால்தான் போகும்.

இதற்கு நடுவில் மகாளய அமாவாசை வந்தது. மறுநாள் நவராத்திரி. எங்கள் வீட்டுக் கொலு என் மாமியார் விட்டுப்போனது. பொம்மைகளும் அவருடையவை, சட்டதிட்டங்களும் அவருடையவை. அந்தச் சட்டங்களைக் கட்டிக் காப்பவர் என் கணவர். முதல் சட்டம், வருஷா வருஷம் புதுசாக ஒன்றாவது படியில் ஏறவேண்டும். இரண்டாவது, கலசம் வைத்தபிறகு விஜயதசமி வரைக்கும் படியில் இருக்கிற எதையும் அசைக்கக்கூடாது. முந்தின வருஷம் செட்டியார் பொம்மை பிள்ளையாரை மறைக்கிறதே என்று நான் ஓரங்குலம் நகர்த்திவிட்டேன். அதற்காக அரை நாள் என்னோடு பேசாமல் இருந்த மனிதர் அவர்.

புதுப் பொம்மையை மலைக்கோட்டைப் பக்கம் போய் அவர்தான் வாங்கி வருவார். அந்த வருஷம் குறுவை நெல் லாரி லாரியாக ஆலைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வாங்குகிறேன், நாளைக்கு வாங்குகிறேன் என்று சொல்லியே அமாவாசையும் ஆகிவிட்டது. நான் படி கட்டி, வேட்டி விரித்து, பொம்மைகளை எல்லாம் அடுக்கி முடித்தேன். சரஸ்வதிக்குப் பக்கத்தில் புதுசுக்கான இடம் காலியாக இருந்தது. ஹால் மூலையில் அந்தப் பெட்டி நின்றது. நான் பெட்டியைப் பார்த்தேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை, கை தானாகப் போனது. கிட்டாரை எடுத்துத் துடைத்து, கீழ்ப்படியில் நிறுத்தி, மேல்படியில் பதமாகச் சாய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரு முழம் கதம்பம் சுற்றினேன். பிறகு கலசத்தை வைத்து விளக்கேற்றினேன். சட்டப்படி எல்லாம் முடிந்தது.

அவர் ஆலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு கொலு முன்னால் நின்றார். கும்பிடப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

"அம்மா பொம்மைக்குப் பக்கத்துல இதையா வெச்சிருக்க?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டதுதான் சுருக்கென்றது. ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "புதுசு ஒண்ணு வைக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எடுக்க வருவாங்களே!"

"வரட்டும். கலசம் வெச்சாச்சு."

அவர் கலசத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து கொலு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொலுவுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஊரறிந்தது. மேல் வீட்டு மாமியும் அதையே கேட்டார். "இந்த வருஷம் என்ன புதுசு?" நான் வேண்டுமென்றே சுண்டல் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவருக்கு வேறு வழியில்லை. "கிட்டார்" என்றார். குரல் தரையோடு தரையாக வந்தது.

"பேஷ்! சரஸ்வதி கையில வீணை, உங்காத்துல கிட்டாரா? யார் வாசிக்கறா?"

"அவதான்."

"அப்படியா! இத்தனை நாளா சொல்லவே இல்லையே! எங்கே, எடுத்து ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்கோ."

"இப்ப எடுக்கக் கூடாது மாமி. விஜயதசமி அன்னிக்குத்தான். அன்னிக்கு வாங்க."

உள்ளே கரண்டியோடு நின்றிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்காக முதல் ஆளை அழைத்துவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது குத்துவிளக்கு தள்ளி வைக்கப்பட்டிருந்தது. "விளக்கை ஏன் நகர்த்தினீங்க?" என்றேன். "விளக்கு படியில இல்லையே, தரையில இருக்கு. அதை நகர்த்தலாம்" என்று முதலில் சட்டம் பேசினார். பிறகுதான் விஷயம் வந்தது. "நெல்லை ரொம்பக் காயவிட்டா அரைக்கும்போது அரிசி உடைஞ்சு நொய்யாப் போயிடும். மரமும் அப்படித்தான் இருக்கும். சூடு பட்டா வெடிச்சிடாது?" என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக, "சேதமாச்சுன்னா திருப்பி எடுத்துக்க மாட்டான்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வாசலில் பெரிய பையை மாட்டிக்கொண்டு கூரியர்காரர் நின்றார். "சார், ரிட்டர்ன் ஒண்ணு இருக்கு. கிட்டார்."

அவர் நினைத்தால் ஒரு நொடி வேலை. அம்மா மன்னிப்பாள் என்று சொல்லி எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னாலும் அது என் சண்டையாகிவிடும். அது அவர் முடிவாக இருக்கவேண்டும்.

அவர் கொலுவைத் திரும்பிப் பார்த்தார். "பூஜையில இருக்குங்க. இப்ப எடுக்க முடியாது. விஜயதசமி முடிஞ்சு வாங்களேன்."

"அப்படி வர முடியாது சார். இன்னைக்கு எடுக்கலைன்னா கேன்சல் ஆயிடும். அப்புறம் போடவும் முடியாது, ரிட்டர்ன் நாள் முடிஞ்சிடும்."

அவர் மனசுக்குள் மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குவது எனக்குக் கேட்டது.

"கேன்சல் பண்ணிடுங்க."

"காரணம் ஏதாவது போடணும் சார். போன தடவை மனசு மாறிடுச்சுன்னு போட்டிருக்கீங்க."

"அதையே போடுங்க" என்றார் அவர்.

கூரியர்காரருக்குச் சுண்டலும் தண்ணீரும் கொடுத்து அனுப்பினேன். அவர் படி இறங்கிப் போகும்வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பிறகு நிற்கவே இல்லை. என் கணவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் தானும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. திருப்பி அனுப்ப முடியாத பொருள் என்றானதும் அது அவர் பொருளாகிவிட்டது. வருகிறவர்களிடம் எந்த மரம், எத்தனை கம்பி, ஏன் நடுவில் ஓட்டை என்று அவரே விளக்க ஆரம்பித்தார். பாதி தப்பு, நான் திருத்தவில்லை. பேச்சை முடிக்கும்போதெல்லாம், "விஜயதசமி காலையில வாசிக்கிறா, வந்துடுங்க" என்பார். சரஸ்வதி பூஜைக்குள் எங்கள் குடியிருப்பு முழுவதையும் அழைத்துவிட்டார். புதுக் கிட்டாரை வாங்கினவள், அதன் கம்பியைக்கூட ஒழுங்காகத் தொடாதவள், வெட்கத்தை விட்டுப் பீரோவுக்குப் பின்னாலிருந்து பழையதை எடுத்துச் சாதகம் செய்தேன். விரல் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

விஜயதசமி அன்று ஹாலில் கால் வைக்க இடமில்லை. அவரோடு ஆலையில் வேலை செய்கிறவர்கள்கூட மண்ணச்சநல்லூரிலிருந்து வந்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் அவரே கிட்டாரைப் படியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "ம், ஆரம்பி."

சுருதி சேர்த்தேன். முதல் கார்டைப் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பி அவ்வளவு மெத்தென்று விரலுக்குள் அடங்கியது. இத்தனை வருஷம் நான் சுமாராக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுமார் நானில்லை, அந்தப் பழைய கழுத்து. ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று வாசித்துக்கொண்டே போனேன். மேல் வீட்டு மாமி சொல்லாமல் கொள்ளாமல் அவர் இஷ்டத்துக்கு ஒரு சுருதியில் கீர்த்தனை ஒன்றை எடுத்துவிட்டார். நான் அவர் பின்னாலேயே தேடிப்போய்ப் பல்லவி முடிவதற்குள் பிடித்துவிட்டேன். அந்த இடத்தில் ஹாலே கை தட்டியது. தட்டி முடித்த பிறகும் ஒரு கைத்தட்டல் மட்டும் வாசற்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வெற்றிலை பாக்கு கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆலைக்காரர் ஒருவர் கிட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார். "ஏங்க, இது எத்தனை மூட்டை வரும்?" ஆலை முழுக்க அந்தக் கணக்குதான் போலிருக்கிறது. நான் தட்டோடு அப்படியே நின்றேன்.

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கொலு பொம்மைக்கு யாராவது விலை கேப்பாங்களாங்க?" என்றார்.

மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, படியைப் பிரித்தோம். பழக்கதோஷத்தில் நான் கிட்டாரைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு பீரோ பக்கம் போனேன். "அங்க எங்க போற?" என்று ஹாலிலிருந்து அவர் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் ஒரே ஒரு ஆணி உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அதில் அவருடைய தினசரி காலண்டர்தான் தொங்கும். ராகுகாலம் பார்க்காமல் அவர் வாசல் தாண்டமாட்டார். அந்தக் காலண்டர் இப்போது அவர் கக்கத்தில் இருந்தது. ஆணி தாங்குமா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பத்தாது. பெரிய ஆணியா ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, ராகுகாலம் பார்க்காமல் கிளம்பிப் போனார்.